இன்ஜினியரிங் சீட்டுக்கு நான்கு வாசல்: எதற்கு முன்பணம் கட்டலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "கம்ப்யூட்டர் சயின்ஸில் இன்னும் சில சீட்தான் சார் இருக்கு, இந்த வாரத்துக்குள்ள முன்பணம் கட்டிட்டா உறுதி." தேர்வு முடிவே வந்திருக்காது. அரசு கவுன்சலிங்குக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். கட்டுவதா, காத்திருப்பதா என்று அம்மாவும் அப்பாவும் ராத்திரியெல்லாம் கணக்குப் போடுவார்கள். படிக்கப் போகிற பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்.

தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக். சேர நடைமுறையில் நான்கு வாசல்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான அரசு கவுன்சலிங், அதே கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் கோட்டா (நிர்வாக ஒதுக்கீடு), 'டீம்டு' எனப்படும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியாகப் போகும் என்ஐடி, ஐஐடி ஆகியவை. இவை திறக்கும் வரிசையைக் கவனியுங்கள். மேனேஜ்மென்ட் பேச்சு ஜனவரியிலேயே ஆரம்பிக்கிறது. நிகர்நிலைகளின் நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். என்ஐடி, ஐஐடி இடங்களுக்கான 'ஜோசா' கலந்தாய்வு ஜூன், ஜூலையில். அரசு கவுன்சலிங் ஜூலை, ஆகஸ்டில். காசு அதிகம் கேட்கிற வாசல்கள் முதலில் திறக்கின்றன. குறைவாகக் கேட்கிற வாசல் கடைசியில் திறக்கிறது. குடும்பங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மருத்துவம், வேளாண்மை, கலை அறிவியல் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அவை இங்கே இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு வருட மொத்தம். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் பலரும் செய்யும் தவறு. டியூஷன், விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' கட்டணம், திரும்பி வரும் வைப்புத்தொகை, திரும்பி வராத 'டெவலப்மென்ட்' தொகை என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். டியூஷன் ஆண்டுதோறும் ஏறுமா, நான்காம் வருடம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

எப்போது உறுதியாகும். சீட் எந்த மாதம் கைக்கு வரும், அதுவரை எத்தனை விஷயம் தெரியாமல் இருக்கும்.

விலகினால் எவ்வளவு போகும். கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதி வரை.

சலுகை கூடவே வருமா. முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எல்லாம் வாசலைப் பொறுத்தவை. மாணவர் ஒருவரேதான், தப்பான வாசலில் நுழைந்தால் சலுகை வெளியிலேயே நின்றுவிடும்.

பிரிவா, கல்லூரியா. நல்ல கல்லூரியில் சிவில் வேண்டுமா, சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் படிக்கப் போகிறவர். ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள், ஜூலையில் கணினி முன்னால் உட்கார்ந்து சண்டை போட நேரம் இருக்காது.

வேலைவாய்ப்பு எண்ணிக்கையை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விளம்பரத்தில் வரும் 'அதிகபட்ச சம்பளம்' ஒரே ஒரு மாணவருடையது. 'மொத்த ஆஃபர்' என்பதில் மூன்று ஆஃபர் வாங்கிய ஒரே மாணவர் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கலாம். கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்: உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவில், போன வருடம் இறுதியாண்டு படித்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்த தனித்தனி மாணவர்கள் எத்தனை பேர், நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன?

| | அரசு கவுன்சலிங் | மேனேஜ்மென்ட் கோட்டா | நிகர்நிலை | ஜேஇஇ வழி |
|---|---|---|---|---|
| தேர்வு அடிப்படை | பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் | குறைந்தபட்சத் தகுதி, பேச்சுவார்த்தை | சொந்த நுழைவுத் தேர்வு அல்லது பிளஸ் டூ மதிப்பெண் | ஜேஇஇ மெயின் (என்ஐடி), அட்வான்ஸ்டு (ஐஐடி) |
| உறுதியாகும் காலம் | ஜூலை–ஆகஸ்ட் | ஜனவரி முதல் | ஏப்ரல்–ஜூன் | ஜூன்–ஜூலை |
| கட்டணத்துக்கு வரம்பு | கட்டணக் குழு | காகிதத்தில் உண்டு | நிறுவனமே முடிவு செய்யும் | மத்திய அரசு |
| முதல் பட்டதாரிச் சலுகை | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | குறைவு. பேருந்து, விடுதி | ரசீதில்லாத டொனேஷன் | ஆண்டு உயர்வு, விடுதி, நிபந்தனை உதவித்தொகை | இரண்டு வருடக் கோச்சிங் |

## அரசு கவுன்சலிங்

பொறியியலுக்கான பொது நுழைவுத் தேர்வை 2006-ல் சட்டம் கொண்டுவந்து தமிழ்நாடு நீக்கியது. அன்றிலிருந்து கட்-ஆஃப்தான் எல்லாம்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92 + 44 + 45 = 181. இதற்குள் ஒரு நடைமுறைச் சேதி இருக்கிறது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். கடைசி இரண்டு மாதத்தில் எந்தப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் தருவது என்று பிள்ளை தடுமாறினால், இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் இந்தக் கவுன்சலிங்குக்குக் கொடுக்க வேண்டும். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு; அதில் எல்லாச் சமூகத்தவரும் தரவரிசைப்படி வரலாம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 250.

தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் கட்டணக் குழு 2017-ல் வகுத்தபடி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். என்பிஏ (பிரிவுவாரியாகத் தரும் தர அங்கீகாரம்) பெற்ற பிரிவுக்கு 55,000. முதல் பட்டதாரியானால் தனியார் கல்லூரியிலும் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நான்கு வருடத்தில் ஒரு லட்சம். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது; அண்ணனோ அக்காவோ இந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏப்ரலில் வேறெங்கோ முன்பணம் கட்டுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

### சாய்ஸ் ஃபில்லிங்கில் சீட் தவறும் இடங்கள்

விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்தி இணையத்தில் பதிவதுதான் சாய்ஸ் ஃபில்லிங். அதன்பின் கணினி செய்வது எளிமையான வேலை. தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். பிறகு அடுத்தவர். ஆகவே பட்டியல் விருப்பத்தின் வரிசையில் இருக்க வேண்டும், கிடைக்கும் வாய்ப்பின் வரிசையில் இருக்கக் கூடாது. 172 கட்-ஆஃப் வைத்திருப்பவர் கிண்டி பொறியியல் கல்லூரியை முதலிடத்தில் போட்டால் ஒன்றும் குறையாது. கிடைக்காது, கணினி அடுத்த வரிக்குப் போகும். 'பத்திரமான' கல்லூரியை மேலே போட்டால்தான் சங்கடம். அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருக்கும் நல்ல இடத்தைக் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது.

அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகள்:

- பட்டியல் குட்டையாக இருப்பது. கவுன்சலிங் ரேங்க் வாரியாகச் சுற்றுகளாக நடக்கும். முதல் சுற்றில் முன்வரிசை ரேங்க் உள்ளவருக்கு இருபது, முப்பது போதும். மூன்றாம் சுற்றில் இருப்பவர் நூறு எழுதினாலும் தப்பில்லை. பத்தே பத்து எழுதிவிட்டு "அலாட்மென்ட் வரவில்லை" என்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.
- போன வருட கட்-ஆஃப் மதிப்பெண்ணை நம்புவது. வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லாருக்கும் மதிப்பெண் ஏறும். 180 என்பது போன வருடம் கொடுத்த இடத்தை இந்த வருடம் தராது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கை ஒப்பிடுங்கள். போன வருடம் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு உங்கள் சமூகத்துக்கு எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பாருங்கள்.
- 'எஸ்எஸ்' என்ற இரண்டெழுத்து. அரசு உதவி பெறும் கல்லூரிகள் சில, அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவுகளும் நடத்துகின்றன. பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதி. உதவிபெறும் பிரிவின் குறைந்த கட்டணம் அதற்குக் கிடையாது. இரண்டையும் எழுதலாம், தெரிந்து எழுத வேண்டும்.
- ஒரே சாயலில் பெயர்கள். ஒரே அறக்கட்டளைக்கு மூன்று கல்லூரி இருக்கும், பெயரில் ஒரு சொல்தான் மாறும். நான்கு இலக்கக் கல்லூரிக் குறியீட்டைத் தனித் தாளில் எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.
- பிரௌசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுப்பது. பதிவின்போது கொடுத்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அது கடைக்காரருடையதாக இருந்தால், அலாட்மென்ட்டை உறுதி செய்ய வேண்டிய நாளில் கடை பூட்டியிருக்கும். ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் தீராத, வீட்டிலேயே இருக்கும் ஒரு எண்ணைக் கொடுங்கள்.

அலாட்மென்ட் வந்த பிறகு பதில் சொல்ல இரண்டு நாள் மட்டுமே இருக்கும். ஐந்து வழி உண்டு: (1) ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்; (2) ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் பட்டியலில் மேலே உள்ளது காலியானால் மாற்று; (3) இது வேண்டாம், மேலே உள்ளது வந்தால் மட்டும் கொடு; (4) வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; (5) விலகுகிறேன். பெரும்பாலோருக்குப் பொருந்துவது இரண்டாவது. கையில் உள்ள இடம் பத்திரமாக இருக்கும். ஆனால் மேலே ஒன்று காலியானால் உங்களைக் கேட்காமலே மாற்றிவிடும். பழைய இடம் போய்விடும். உறவுக்காரர் சொன்னாரே என்று மேலே எழுதிவைத்த, உண்மையில் பிடிக்காத கல்லூரி அப்போதுதான் வந்து நிற்கும். மூன்றாவது வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது. பதிலே சொல்லாமல் விட்டால் இடம் பறிபோகும்.

கவுன்சலிங் எப்போது சிறந்தது: சலுகைகளுக்குத் தகுதி இருந்தால், கட்-ஆஃப் நன்றாக இருந்தால், ஆகஸ்ட் வரை பதறாமல் இருக்க முடிந்தால். கட்-ஆஃப் நடுத்தரம் என்றாலும்கூடப் பல ஆயிரம் இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமலே போகின்றன என்பதை மறக்க வேண்டாம். 'சீட்டே கிடைக்காது' என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை. விரும்பிய கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைக்காமல் போகலாம் என்பதுதான் உண்மையான ஆபத்து.

## மேனேஜ்மென்ட் கோட்டா

அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பாடத்திட்டம், பட்டச் சான்றிதழிலும் வித்தியாசம் இல்லை. கட்டணக் குழு 2017-ல் இதற்கு ஆண்டுக்கு 85,000 (என்பிஏ பிரிவுக்கு 87,000) என்று வைத்தது. கல்லூரி கேட்கும் தொகை இதற்கு மேல் இருந்தால், அந்த மிச்சம் என்ன பெயரில் வருகிறது என்று பாருங்கள். நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தொகைக்கு ரசீது வருவதில்லை, அல்லது வேறு ஏதோ அறக்கட்டளை பெயரில் வருகிறது. ரசீது இல்லாத பணத்தை எந்த விதியைக் காட்டியும் திரும்பக் கேட்க முடியாது. மறைமுகச் செலவிலேயே பெரியது இதுதான்.

இரண்டாவது செலவு, சலுகை இழப்பு. முதல் பட்டதாரித் தொகை கவுன்சலிங் வழி வந்தவருக்கு மட்டுமே. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கிடையாது. "சேர்ந்த பிறகு நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அசல் சான்றிதழ். முன்பணத்தோடு டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டால் நீங்கள் அந்தக் கல்லூரிக்குள் பூட்டப்பட்டவர். அசலைப் பிடித்து வைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழுவான ஏஐசிடிஇயும் தடை செய்திருக்கின்றன. சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எப்போது சிறந்தது: வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரே ஒரு நல்ல கல்லூரி இருந்து, கட்-ஆஃப் அங்கே அந்தப் பிரிவுக்கு மயிரிழையில் எட்டாமல் போகும்போது. விடுதிச் செலவு மிச்சமாவதால் நான்கு வருட மொத்தம் தூரத்துக் கவுன்சலிங் இடத்துக்கு அருகில் வந்துவிடலாம்; கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் சேமிப்பிலிருந்து வர வேண்டும். நகையை வைத்து, வட்டிக்கு வாங்கி இந்த வாசலில் நுழைவதற்கு, ஆகஸ்டில் இன்னொரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்வதே மேல் என்பது என் கருத்து. ஒரு சாதாரணக் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு மார்ச்சிலேயே பணம் கட்டுவது வீண். அப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆகஸ்டிலும் இடம் இருக்கும். அப்போது பேரம் உங்கள் கையில்.

## நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்

விஐடி, எஸ்ஆர்எம், அம்ரிதா போன்றவை சொந்த நுழைவுத் தேர்வு வைக்கின்றன. சாஸ்த்ரா பிளஸ் டூ மதிப்பெண்ணையும் ஜேஇஇ மெயினையும் பார்க்கிறது. இவை மாநிலக் கவுன்சலிங்கில் சேராதவை. கட்டணமும் அவர்களே வைப்பது.

புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், ரேங்க்குக்கு ஏற்ப விலை மாறலாம். விஐடியில் ஒரே பிரிவுக்குக் கட்டணப் பிரிவுகள் ஐந்து உண்டு. ரேங்க் கீழே போகப் போகக் கட்டணம் மேலே போகும். நண்பரின் பிள்ளை முதல் கட்டணப் பிரிவில் கட்டும் தொகையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். ஐந்தாம் பிரிவில்தான் இடம் என்று வந்தால் எவ்வளவு வரை போகலாம் என்பதைக் கலந்தாய்வுக்கு முந்தைய நாளே ஒரு எண்ணாக முடிவு செய்து வையுங்கள். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் தாங்க முடியாத எண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது, உதவித்தொகைக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனை. குறிப்பிட்ட சிஜிபிஏவுக்குக் கீழே போனாலோ ஒரு அரியர் விழுந்தாலோ சலுகை நின்றுவிடும் என்று இருக்கலாம். முதல் செமஸ்டர் பலருக்கும் வழுக்கும் இடம். எனவே சலுகை நின்றுவிட்டால் என்ன தொகை என்பதுதான் உங்களுடைய உண்மையான பட்ஜெட்.

மூன்றாவது, வளாகம். ஒரே பெயரில் பல வளாகம் இருக்கும். தரவரிசை, பழைய மாணவர் வட்டம், ஆசிரியர்கள் எல்லாம் பெரும்பாலும் முதன்மை வளாகத்தின் பலம். நேக் தரம் முழு நிறுவனத்துக்கு. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி, காலாவதியும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் விளம்பரங்களைப் பிரித்துப் படியுங்கள்.

எப்போது சிறந்தது: நுழைவுத் தேர்வில் முன்வரிசை ரேங்க் வாங்கி, குறைந்த கட்டணப் பிரிவில் வந்தால்; போர்டு தேர்வில் மதிப்பெண் சறுக்கிவிட்டது, ஆனால் அறிவில் குறைவில்லை என்றால்; பிரிவை மாற்றிக்கொள்வது, விருப்பப் பாடங்கள் எடுப்பது போன்ற நெகிழ்வு பிள்ளைக்கு முக்கியம் என்றால்.

## ஜேஇஇ வழி

உயர்ந்த இடங்களுக்குப் போகும் வாசல் இது, நுழைவது கடினம். ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது, 2021 முதல் தமிழிலும் எழுதலாம். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. இந்த உள்மாநில ஒதுக்கீடு ஐஐடிகளில் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் டியூஷன் முழுவதும், ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி.

இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டிக்கு 65) அல்லது அந்த போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதில் மொழிப் பாடமும் சேரும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஓரங்கட்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இரண்டு, ஓபிசி சான்றிதழ். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சாதிச் சான்று இங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் 'ஓபிசி – கிரீமி லேயர் (வருமான வரம்பைத் தாண்டிய வசதியானோர்) அல்லாதவர்' என்ற சான்று, அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். எட்டு லட்ச வருமான வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் கணக்கில் வராது. மாதச் சம்பளக்காரர்கள் பலர் இது தெரியாமலேயே பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். (ஆசிரியர், அரசு ஊழியர் வீடுகளில் பதவியின் தரம் தனியாகப் பார்க்கப்படும்.)

மறைந்திருக்கும் செலவு கோச்சிங் கட்டணத்தோடு முடியாது. இரண்டு வருடம் காலையும் மாலையும் கோச்சிங்கில் போனால் போர்டு தேர்வு தேயும். ஜேஇஇயும் வராமல் கட்-ஆஃப்பும் 20 மதிப்பெண் இறங்கினால் இரண்டு வாசலும் சேர்ந்து மூடும். பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுக்குள் ஒரு பழைய வினாத்தாளை வீட்டில் மூன்று மணி நேரம் எழுதச் சொல்லிப் பாருங்கள். எடுத்த மதிப்பெண்ணை விட, எழுதி முடித்தபின் அந்தக் கணக்குகளைப் பற்றிப் பேச ஆசை இருக்கிறதா என்பது அதிகம் சொல்லும். ஆசை இல்லையென்றால் போர்டு தேர்வில் முழுக் கவனம் வைப்பதே லாபம்.

## ஒன்றுக்கு மேல் வாசலில் நிற்பது எப்படி

எந்த வாசலையும் ஒற்றையாக நம்ப வேண்டியதில்லை. கவுன்சலிங்கை அடித்தளமாக வைத்து, ஒரே ஒரு மாற்று இடத்தைக் காப்பீடு போல வாங்கலாம். அந்தக் காப்பீட்டுக்கு மூன்று நிபந்தனை: கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடியதை விட அது உண்மையிலேயே நல்ல இடமாக இருக்க வேண்டும், கட்டும் தொகைக்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது வேண்டும், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையாக இருக்க வேண்டும். மூன்று கல்லூரிகளில் முன்பணம் கட்டி வைப்பது பாதுகாப்பு இல்லை, அலைச்சல்.

வேலைப் பிரிவினையும் தெளிவாக இருக்கட்டும். சான்றிதழ், கணக்கு, தேதி, வங்கி ஆகியவை பெற்றோர் பங்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த வாரத்தில் தாலுகா அலுவலகம் நிரம்பி வழியும். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று மார்ச்சிலேயே பாருங்கள். 'எஸ். கார்த்திக்' ஒன்றிலும் 'கார்த்திக் செல்வம்' இன்னொன்றிலும் இருந்தால் திருத்த வாரக்கணக்காகும். கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலக்ஷ்மி தளத்தில் விண்ணப்பித்து, கிளை மேலாளரையும் நேரில் பாருங்கள். நான்கு லட்சம் வரை உங்கள் பங்குப் பணம் தேவையில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை என்பது வங்கிகள் பின்பற்றும் பொது மாதிரித் திட்டம். அதே கிளை மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அடமானம் கேட்கலாம். முன்பணம் கட்டும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிவு, கல்லூரி வரிசை, சாய்ஸ் பட்டியல் பிள்ளை பங்கு. பட்டியலை முதலில் அவர்கள் எழுதட்டும். நீங்கள் கேட்கலாம், ஒரு கல்லூரியைச் செலவு காரணமாக நீக்கவும் செய்யலாம். அப்படி நீக்கினால் காரணத்தைத் தொகையோடு சொல்லுங்கள். சொல்லாமல் நீக்கினால் அது நான்கு வருடமும் வீட்டில் பேச்சாக இருக்கும்.

## கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது

ஆகஸ்டில் கவுன்சலிங் சீட் வந்து, ஏப்ரலில் கட்டிய பணம் வேறெங்கோ இருந்தால் தேதிதான் எல்லாம். பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி 2018-ல் வகுத்த விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை (5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம்), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தனி அறிவிப்பும் வெளியிடுகிறது, அந்த ஆண்டுக்கானதைப் பாருங்கள். ஏஐசிடிஇ கல்லூரிகளில், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. "முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பது இந்த விதியை ரத்து செய்யாது.

தொலைபேசியில் விலகாதீர்கள். மாணவரின் பெயர், விண்ணப்ப எண், ரசீது எண், தொகை, விலகும் தேதி, வங்கிக் கணக்கு எண் அடங்கிய கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே நாளில் அனுப்புங்கள். கடிதம் கிடைத்த 15 நாளில் பணம் தர வேண்டும். வராவிட்டால் யுஜிசியின் 'இ-சமாதான்' தளத்தில் ரசீதையும் கடிதத்தையும் இணைத்துப் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். விடுதிக்குக் கட்டிய தொகைக்குத் தனி ரசீது இருந்தால் அதைத் தனி வரியாகக் கேளுங்கள். டியூஷன் திரும்பி வந்து விடுதிப் பணம் அங்கேயே தங்கிவிடுவது சாதாரணமாக நடப்பது.